முதல் அழைப்பு யாருக்கு?

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவரின் கடைக்கு மாதம் இரண்டு முறை போய்க் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. காசாளர் மேசையின் கண்ணாடிக்கு அடியில் தொழுகை நேர அட்டவணை, பௌர்ணமி விடுமுறையான போயா தினங்கள் சிவப்பில் அச்சான ஒரு வங்கி நாட்காட்டி, லொறிக்காரர்களின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. நடுவில் உள்ளங்கையளவு இடம் காலி. மோசடி மின்னஞ்சலை நம்பிப் பணம் அனுப்பிவிட்டால் முதலில் யாரை அழைப்பது என்று எழுதி அங்கே வைக்கச் சொல்லி ஹாஜியார் கேட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது. ஒரு தொலைபேசி இலக்கத்தை எழுத ஆறு மாதமா என்று அவரும் கேட்கிறார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் திருப்பூர் ஆலையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய கடிதத் தொடரின் மேலேயே வந்தது. கொள்கலன் எண் சரி, மீற்றர் கணக்கு சரி, தொகையும் சரி. வங்கிக் கணக்கு மட்டும் புதிது. கணக்காய்வு நடக்கிறது, இம்முறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று இரண்டு வரி. அனுப்பியவர் முகவரியில் ஆங்கில 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 1 என்ற இலக்கம் இருந்ததை, நானே பிறகு எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கித்தான் கண்டுபிடித்தேன். காசாளர் தங்கச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் போய்விட்டது. திங்கள் போயா. செவ்வாய் காலை திருப்பூர்க்காரர் அழைத்து, "பாய், பணம் இன்னும் வரவில்லையே" என்றபோதுதான் கடையில் எல்லோருக்கும் வியர்த்தது. வங்கிக் கிளைக்கு ஓடினோம். கடிதத் தாளில் எழுதி, முத்திரை குத்தி, பணிப்பாளர் இருவரின் ஒப்பத்துடன் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாவது பணிப்பாளர் உம்ராவுக்குப் போயிருந்தார். அவர் ஒப்பம் வந்து சேர்ந்த நேரத்தில் அந்தக் கணக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

பிறகு தெரு வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "பொலிஸுக்குப் போக வேண்டியதுதானே, இலங்கை எத்தனை சர்வதேச உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருக்கிறது" என்றார் ஒருவர். அரசின் கணினி அவசர அணியான இலங்கை சேர்ட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். கைத்தொலைபேசி இறக்குமதி செய்யும் இளைஞர் ஒருவர், மின்னஞ்சல் சேவை தரும் பெரிய அமெரிக்க நிறுவனத்தின் உயர்தரப் பாதுகாப்புச் சேவைக்கு எல்லோரும் சேர்ந்து பணம் கட்டலாம் என்றார். சட்டம் வரும்வரை பொறுப்போம் என்று சொன்னவரும் இருந்தார். கடைசியில் இவற்றை ஒப்பிட்டு எழுதித் தரும்படி என் தலையில் கட்டினார்கள். இணையப் பாதுகாப்பில் அரசுகளும் தொழில்துறையும் நாடு கடந்து ஒத்துழைப்பது என்பது மாநாட்டு மண்டபத்துப் பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு கடையின் காசாளர் மேசையிலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

கொழும்பில் நின்ற இரண்டு கோடி டொலர்

2016 பெப்ரவரி 4 ஆம் திகதி இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியில் வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை எடுக்க, வங்கிகள் தமக்குள் பணக் கட்டளைகளை அனுப்பும் ஸ்விப்ட் வலையமைப்பு வழியாக 35 போலிக் கட்டளைகள் போயின. அன்று வியாழன். மறுநாள் வெள்ளி டாக்காவில் வார விடுமுறை. டாக்கா விழித்துக்கொண்டபோது நியூயோர்க்கில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. திருடர்கள் கணினியை மட்டும் படிக்கவில்லை, நாட்காட்டியையும் படித்திருந்தார்கள். ஐந்து கட்டளைகள் நிறைவேறின. நான்கின் வழியாக 8.1 கோடி டொலர் மணிலாவுக்குப் போய், அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. ஐந்தாவது கட்டளையின் 2 கோடி டொலர் கொழும்புக்கு வந்தது.

அந்தப் பணம் திரும்பிப் போனது. பெறுநரான அறக்கட்டளையின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் 'பண்டேஷன்' என்று பிழையாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டு இடைவழி ஜெர்மன் வங்கி விளக்கம் கேட்டதாகவும், இலங்கைக்கு வரும் தொகைகளோடு பார்த்தால் இது மிகப் பெரிது என்று கொழும்பு வங்கியிலும் சந்தேகம் எழுந்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. ஓர் எழுத்துப் பிழையும், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு எழுந்த கேள்வியும் செய்த வேலை அது.

அப்போது உடன்படிக்கை எங்கே இருந்தது? 2001 நவம்பரில் புடாபெஸ்டில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட இணையக் குற்ற உடன்படிக்கையில் இலங்கை 2015 மேயில் சேர்ந்து, செப்டெம்பர் 1 முதல் அது நமக்கு நடைமுறைக்கு வந்திருந்தது. தெற்காசியாவில் முதலில் சேர்ந்த நாடு நாம்தான். ஆனால் களவு கொடுத்த பங்களாதேஷ் அதில் இல்லை. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் 2018 இல்தான் சேர்ந்தது. உடன்படிக்கை இருபக்கமும் கை கொடுத்தால்தான் பாலம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் தெருவுக்கு வாருங்கள். துணி திருப்பூர், சூரத்திலிருந்து வருகிறது. மின்சாதனம் சீனாவிலிருந்து. இடைத்தரகர் பலர் டுபாயில். இந்தியா, சீனா, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றுமே புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இல்லை. நாம் வியாபாரம் செய்யும் நாடுகளின் வரைபடமும் உடன்படிக்கை நாடுகளின் வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை. கூட்டத்தில் உடன்படிக்கையைப் பற்றிப் பேசியவருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

அதற்காக அதை ஒதுக்கவும் முடியாது. மின்னஞ்சல் பெட்டி அமெரிக்க நிறுவனத்துடையது. அமெரிக்கா உறுப்பு நாடு. யார், எங்கிருந்து, எப்போது அந்தப் பெட்டிக்குள் நுழைந்தார்கள் என்ற பதிவு அங்கேதான் இருக்கிறது. உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாடும் 24 மணி நேரமும் பதில் தரும் ஒரு தொடர்பு மையம் வைத்திருக்க வேண்டும். அந்த வழியாக "இந்தத் தரவை அழித்துவிடாதீர்கள்" என்று கேட்டால் குறைந்தது 60 நாள் பாதுகாக்க வேண்டும். அதற்குள் முறையான விண்ணப்பம் போய்விட்டால், முடிவு வரும்வரை தரவு காத்திருக்கும். முடிவு வர எவ்வளவு காலம் என்பதுதான் தலைவலி. அமெரிக்காவுக்கு வரும் இத்தகைய விண்ணப்பங்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 10 மாதம் ஆகிறது என்று 2013 இல் அந்நாட்டு ஜனாதிபதி அமைத்த ஆய்வுக் குழுவே எழுதியது. 2022 மேயில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட இரண்டாவது மேலதிக நெறிமுறை இந்தச் சுற்றுப்பாதையைக் குறைக்கப் பார்க்கிறது. ஒரு நாட்டின் அதிகாரிகள் இன்னொரு நாட்டிலுள்ள சேவை நிறுவனத்திடமே நேரடியாகச் சந்தாதாரர் விவரம் கேட்க அது வழி செய்கிறது. அரசும் தொழில்துறையும் நேருக்கு நேர் பேசுவது என்றால் இதுதான். வருகிறபோது வரட்டும். கள்வனைப் பிடிக்க உதவும். செவ்வாய் காலை பணத்தை நிறுத்த உதவாது.

ஐக்கிய நாடுகள் சபையும் 2024 டிசெம்பர் 24 இல் ஒரு இணையக் குற்ற உடன்படிக்கையை ஏற்று, 2025 ஒக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்குத் திறந்தது. 40 நாடுகள் பாராளுமன்ற நடைமுறைகளை முடித்து ஏற்றால்தான் அது உயிர் பெறும். மனித உரிமை அமைப்புகளும் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களும் அபூர்வமாக ஒரே பக்கம் நின்று அதை விமர்சித்தன. அதை நம்பித் தாள் எழுத முடியாது.

நான் மனம் மாறிய இடம்

இவ்வளவும் எழுதிவிட்டு, என் முதல் வரைவில் பொலிஸைப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தேன். முறைப்பாடு என்பது காப்புறுதிக்காரருக்குக் காட்டும் ஒரு தாள், அவ்வளவுதான் என்ற எண்ணம். சிங்கப்பூர்ச் சம்பவம் ஒன்றைப் படித்த பிறகு அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

2024 ஜூலை. சிங்கப்பூரில் மூலப்பொருள் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு, வழக்கமான விநியோகத்தரின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. முகவரியில் சிறு வேறுபாடு, புதிய கணக்கு. நம் கதையேதான். தொகைதான் வேறு: 4.23 கோடி டொலர் கிழக்குத் திமோரிலுள்ள ஒரு கணக்குக்குப் போனது. 19 ஆம் திகதி பணம் போக, உண்மையான விநியோகத்தர் பணம் கிடைக்கவில்லை என்றதும் 23 ஆம் திகதிதான் விழித்துக்கொண்டார்கள். அன்றே பொலிஸுக்குப் போனார்கள். சிங்கப்பூர் பொலிஸ், இன்டர்போல் நடத்தும் ஐ-கிரிப் என்ற துரிதப் பணத் தடுப்பு ஏற்பாட்டின் வழியாகக் கிழக்குத் திமோருக்குச் சொன்னது. 25 ஆம் திகதி 3.9 கோடி டொலர் நிறுத்தி வைக்கப்பட்டது. தொடர்ந்து ஏழு பேர் கைதானார்கள்.

நான்கு நாள் கழித்துத் தெரிந்தும் பணம் மீண்டது. நம் ஹாஜியாருக்கும் தெரிந்தது நான்காம் நாள்தான்.

இந்த ஏற்பாட்டில் நமக்கு உள்ள பெரிய அனுகூலம், இன்டர்போலில் இந்தியாவும் சீனாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் உறுப்பினர்கள் என்பது. உடன்படிக்கை எட்டாத இடத்துக்கு இந்தக் கை எட்டும். ஆனால் வியாபாரி நேராக அந்தக் கதவைத் தட்ட முடியாது. பொலிஸ்தான் தட்ட வேண்டும். பொலிஸ் தட்டுவதற்கு முறைப்பாடு வேண்டும், அதுவும் அன்றே வேண்டும். நான்கு கோடி டொலருக்கு ஓடிய கால்கள் நம் சிறு தொகைக்கு ஓடுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. முறைப்பாடே கொடுக்காவிட்டால் ஓடவே ஓடாது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

நிறங்களின் வட்டம்

இலங்கை சேர்ட் 2006 இல் தொடங்கியது. 101 என்று சுழற்றினால் போதும். அதன் பலம் கொழும்பில் மட்டும் இல்லை. 1988 இல் மொரிஸ் என்ற கணினிப் புழு இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய பிறகு உருவாகி, 1990 முதல் இயங்கும் 'பர்ஸ்ட்' என்ற உலகளாவிய அணிகளின் மன்றத்திலும், ஆசிய பசிபிக் அணிகளின் கூட்டமைப்பிலும் அது உறுப்பினர். அந்த மன்றத்தில் அரச அணிகளும் வங்கிகளின் அணிகளும் பெரிய நிறுவனங்களின் அணிகளும் ஒரே மேசையில் உட்காருகின்றன. 'எல்'லுக்குப் பதில் 1 போட்ட அந்தப் போலி இணையப் பெயர் எங்கோ ஒரு நாட்டில் ஒரு தனியார் பதிவாளரிடம் வாங்கப்பட்டது. அதை முடக்கச் சொல்லி நான் அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில்தான் வந்தது. ஓர் அணி இன்னோர் அணியிடம் கேட்டால் அப்படி இருக்காது.

"தங்கள் மின்னஞ்சலையே காப்பாற்றத் தெரியாத அரசாங்கம் நம்முடையதைக் காப்பாற்றுமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 2023 ஓகஸ்டில் நடந்ததைச் சொல்கிறார். அரச முகில் சேவையை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் தாக்கி, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. பயன்பாட்டில் இருந்தது காலம் கடந்த மென்பொருள். கேள்வி நியாயம்தான். ஆனால் நான் சேர்ட்டிடம் கேட்கப் போவது காவல் அல்ல, அறிமுகம். வீட்டுக் கூரை ஒழுகுகிற தரகருக்கும் ஊரெல்லாம் ஆளைத் தெரிந்திருக்கலாம்.

சேர்ட்டால் பணத்தை நிறுத்த முடியாது, ஆளைக் கைது செய்யவும் முடியாது. எச்சரிக்கை பரப்புவது அதன் கைவந்த வேலை. இந்த அணிகளிடம் நான் ரசித்த ஒரு வழக்கம், பகிரும் செய்திக்கு வீதி விளக்குபோல நிறம் கொடுப்பது. சிவப்பு என்றால் கேட்ட ஆளோடு முடிய வேண்டும். மஞ்சள் என்றால் அவசியமானவருக்கு மட்டும் தன் நிறுவனத்துக்குள்ளும் அதன் வாடிக்கையாளரிடமும் சொல்லலாம். பச்சை என்றால் தொழில் வட்டத்துக்குள் சொல்லலாம். நிறமற்றது என்றால் ஊருக்கே. கொழும்பில் பச்சை எரியும்போதும் பொலிஸ்காரர் கை காட்டினால் நிற்க வேண்டும், அது வேறு விஷயம். நிறுவனங்கள் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்கம். சொன்னது யார் காதுக்குப் போகும் என்ற பயம். எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வாய் திறக்கிறது. இலங்கை வங்கிகள் 2014 முதல் மத்திய வங்கியின் பங்களிப்போடு தமக்கென ஒரு நிதித்துறை அணியை வைத்திருக்கின்றன. போட்டியாளர்களான வங்கிகளுக்கே முடியுமென்றால், ஒரே தெருவில் ஒரே தேநீர்க் கடையில் பிளேன் டீ குடிக்கும் நமக்கு முடியாதா?

கைத்தொலைபேசி இளைஞரின் யோசனை பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பெரிய நிறுவனங்களிடம் இருக்கும் பார்வை எந்த அரசிடமும் இல்லை, அது உண்மை. 2017 மே 12 அன்று வன்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகைத் தாக்கியபோது, அது நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைக்கும் ஒட்டுமருந்தை மைக்ரோசொப்ட் மார்ச் 14 ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. அந்த ஓட்டையைத் தெரிந்துகொண்டே தன் பயன்பாட்டுக்கு மறைத்து வைத்திருந்தது ஓர் அரச உளவு அமைப்பு. அரசைவிட நிறுவனமே நம்பத்தக்கது என்று சொல்லத் தோன்றும் கணம் அது. ஆனால் 2025 ஜூலையில் இந்தியாவின் நயாரா எனர்ஜி எண்ணெய் நிறுவனத்துக்கு நடந்ததையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தவுடன், அந்த நிறுவனம் காசு கட்டி வாங்கிய மைக்ரோசொப்ட் சேவைகள் நின்றுபோயின. டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு மீண்டன. அவ்வளவு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பாளருக்கே அப்படி என்றால், இரண்டாம் குறுக்குத் தெருவின் சந்தாவுக்கு என்ன மரியாதை? சேவையை வாங்குங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்து உறவாக அதை நினைக்காதீர்கள்.

சட்டத்துக்காகப் பொறுப்பவருக்கு: இலங்கையின் இணையப் பாதுகாப்புச் சட்ட வரைவு முதன்முதலில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2019 இல். இந்தியா 2022 ஏப்ரலில் பிறப்பித்த கட்டளைப்படி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அரச அணிக்கு அறிவிக்க வேண்டும். ஐரோப்பா 24 மணி நேரத்தில் முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்தில் முறையான அறிக்கை, ஒரு மாதத்தில் இறுதி அறிக்கை என்று படி வைத்திருக்கிறது. எனக்கு ஐரோப்பிய முறை பிடிக்கிறது. ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது; படிவம் நிரப்ப உட்காரும் ஆள் பணத்தை நிறுத்த ஓட வேண்டிய ஆளாக இருப்பார். நம் சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், சங்கத்திடம் கருத்துக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆக, சங்கத்துக்கு என் சிபாரிசு: வெளிநாட்டு உறுப்புரிமைக்கோ உயர்தரச் சந்தாவுக்கோ பொதுப்பணம் போட வேண்டாம். ஒவ்வொரு கடையும் தன் வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் ஓர் அதிகாரியின் பெயரையும் நேரடி இலக்கத்தையும் இப்போதே கேட்டு வாங்கட்டும். பணத்தை நிறுத்தக் கோரும் கடிதத்தைப் பணிப்பாளர்களின் ஒப்பத்துடன் முன்கூட்டியே எழுதி, திகதியும் தொகையும் மட்டும் காலியாக விட்டு இரும்புப் பெட்டியில் வைக்கட்டும். முடிந்தால், யாராவது ஒரு பணிப்பாளரின் ஒப்பமே போதும் என்று வங்கியோடு எழுதிக்கொள்ளட்டும். வங்கியோடு பேசும்போதே இன்னொருவர் பொலிஸ் முறைப்பாட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். சேர்ட்டுக்கு அழைப்பு அதன் பிறகு. தெருவுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு, அதில் ஒவ்வொரு செய்திக்கும் முதலில் நிறம்.

போன வாரம் காசாளர் தங்கச்சி அந்தத் தாளை எழுதி முடித்தாள். இரண்டாம் வரி பொலிஸ், மூன்றாம் வரி 101, நான்காம் வரி குழுவின் பெயர். மூன்றும் நீல மையில், அவளுடைய உருண்டைக் கையெழுத்தில். முதல் வரியில் வங்கி அதிகாரியின் பெயர். வங்கிக்கு அழைத்து உறுதி செய்யச் சொன்னேன். அழைத்தாள். "அண்ணா, அவருக்கு அடுத்த மாதம் குருநாகலுக்கு இடமாற்றமாம்" என்றாள். அந்த வரியை மட்டும் பென்சிலால் எழுதிக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம்.